டிசம்பர் வந்தால் தோட்டாவை மாற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி, நவம்பர் 16, 2024

மின்னசோட்டாவில் கேரி பர்மிட் (துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் அனுமதி) வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கையில் இருப்பது சிறிய 9 மி.மீ. பிஸ்டல், மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டா போட்டிருக்கிறேன். சுடும் பயிற்சி செய்யும் ரேஞ்சில் ஒருவர் சொன்னார்: "குளிர்காலத்தில் எல்லாரும் தடித்த ஜாக்கெட் போட்டிருப்பார்கள். ஹாலோ பாயிண்ட் அதில் சிக்கி நின்றுவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை, குழியில்லாமல் முழு உலோக உறை போட்ட எஃப்எம்ஜேக்கு மாறிவிடு." இது உண்மையா?

பதில், நவம்பர் 16, இரவு

மாற்ற வேண்டாம்.

அவர் சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதி தலைகீழ். துணி ஹாலோ பாயிண்டின் குழியில் அடைத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் அடைத்துக்கொண்ட குண்டு நிற்பதில்லை. விரிய வழியில்லாமல், ஒல்லியாகவே இருந்துகொண்டு, இன்னும் ஆழமாகப் போகிறது.

குழியின் வேலை என்ன என்று பார்த்தால் இது புரிந்துவிடும். உடலில் இருப்பது பெரும்பாலும் நீர். குண்டு நுழையும்போது அந்த ஈரம் குழிக்குள் வேகமாக ஏறி, உள்ளிருந்து தள்ளி, விளிம்பை இதழ் இதழாகப் பிரிக்கிறது. விரிந்த குண்டு அகலமானது, அதனால் சீக்கிரம் நின்றுவிடும். குழியில் முன்பே டெனிமோ பஞ்சோ போய் உட்கார்ந்துவிட்டால் ஈரம் ஏற இடமில்லை. பஞ்சடைத்த புனலில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். அப்போது அது வெறும் உருண்டை மூக்குக் குண்டு. ஆளின் உடலைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவரிடம் போகலாம்.

எஃப்எம்ஜே இதைத்தான் கோடையிலும் குளிரிலும் எல்லா நாளும் செய்கிறது. எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறோமோ அதையே காசு கொடுத்து வாங்குவானேன்?

ஜாக்கெட்டின் தடிமன் குண்டை நிறுத்தும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். கம்பளி, பஞ்சு, இறகு எதுவும் 9 மி.மீ. குண்டை நிறுத்தாது. குளிர்காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தோட்டா துணியைத் தாண்டிய பிறகும் விரிகிறதா? எஃப்.பி.ஐ. சோதனையில் இதற்கென்றே நாலு அடுக்கு டெனிம் வைத்துச் சுடுகிறார்கள். அதில் தேறிய தோட்டாவாகப் பார்த்து வாங்குங்கள், போதும்.

நவம்பர் 17

நேற்று எழுதியதில் ஒரு பிழை. நாலு அடுக்கு டெனிம் எஃப்.பி.ஐ. சோதனை இல்லை. அது சர்வதேசக் காய எறியியல் சங்கம் முன்வைத்த சோதனை. யாரும் நாலு ஜீன்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அது எந்த உடையையும் போலி செய்யவில்லை. குழியை அடைக்க மிக மோசமான பொருளை வைத்து, அதையும் மீறி விரிகிறதா என்று பார்க்கிற கடுமையான பரீட்சை.

எஃப்.பி.ஐ.யின் கனத்த உடைச் சோதனை வேறு: டி-சர்ட் துணி, அதன்மேல் சட்டைத் துணி, நடுவில் குளிர்தாங்கும் ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே டெனிம். அதற்குப் பின்னால், உடல் தசைக்கு ஈடாக, 10 சதவீத ஜெலட்டின் கட்டி. நம் ஊர் ஜனவரிக்கு இதுதான் நெருக்கமானது. இதில் எஃப்.பி.ஐ. எதிர்பார்ப்பது: குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். சென்டிமீட்டரில் ஏறக்குறைய 30 முதல் 45.

இந்த 12 அங்குலம் எங்கிருந்து வந்தது என்பதைத் துப்பாக்கி எடுத்து நடக்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. முகவர்கள் மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. ஹாலோ பாயிண்ட், 115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), ஒருவனுடைய கையைத் துளைத்து மார்புக்குள் போனது. சொன்னபடி விரிந்தது. ஆனால் இதயத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். முகவர்கள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். எஃப்.பி.ஐ. தோட்டாக்களைச் சோதிக்கும் முறையே அதற்குப் பிறகு மாறியது. விரிவது பாதி வேலை, போதிய ஆழம் போவது மீதி.

நவம்பர் 19

"இவ்வளவு அக்கறையாக எழுதுகிறீர்களே, உங்களுக்கு எதற்கு இது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று இரவு கடை அடைப்பது நான். பத்தரை மணிக்குப் பனியில் காரை நோக்கித் தனியாக நடக்கிறேன். ஒருமுறை ஓர் ஆள் காருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, பைக்குள் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டான். திரும்பி ஓடிக் கடைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் பர்மிட். இன்றும் முதல் வழி ஓடுவதுதான். இதை எழுதும் ஒவ்வொரு வரியிலும் அது இருக்கிறது.

டிசம்பர் 8

படித்தது போதும் என்று நேரில் பார்த்துவிட்டோம். ரேஞ்சின் திறந்தவெளிப் பகுதியில், பயிற்சியாளர் அனுமதியோடு, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில். பால் வரும் ஒரு காலன் பிளாஸ்டிக் குடுவைகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தோம். முன்னால் என் கணவரின் பழைய இறகு ஜாக்கெட், உள்ளே ஃப்ளீஸ், அதற்குள் ஒரு சட்டை.

முதலில் என்னுடைய 9 மி.மீ., மூன்றரை அங்குலத்துக்கும் குறைவான குழல். ஃபெடரல் எச்எஸ்டி என்ற ஹாலோ பாயிண்ட், 147 கிரெய்ன். குண்டு நாலாவது குடுவையில் கிடந்தது, இதழ்கள் முழுதாக விரிந்து, ஒரு இதழின் மடிப்பில் வெள்ளை நூலோடு. அடுத்து தோழியின் .380, 9 மி.மீ.யைவிடச் சக்தி குறைந்த பிஸ்டல். அவளுடைய ஹாலோ பாயிண்ட் வரிசையில் இருந்த ஐந்து குடுவைகளையும் துளைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது முறை ஆறு வைத்தோம். கடைசிக் குடுவையில் கிடைத்தது. மூக்கில் ஒரு வட்டத் துணி, அதன்மேல் அடர்த்தியாக இறகு. ஒரு மில்லிமீட்டர்கூட விரியவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறாவது குடுவை இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்புதான்.

தண்ணீர் ஜெலட்டின் இல்லை. குடுவைக் கணக்கை அங்குலமாக மாற்றி யாரிடமும் சொல்லாதீர்கள். இதில் தெரிவது ஒன்றுதான், விரிந்ததா இல்லையா. பனிமேல் விழுந்த இறகைப் பொறுக்க ஒரு மணி நேரம் ஆனது.

டிசம்பர் 9

.380 வைத்திருப்பவர்கள் கேட்டுவிட்டார்கள், "எஃப்எம்ஜே வேண்டாம் என்றீர்களே, எங்களுக்கும் அதேதானா?"

இங்கே என் முதல் பதிலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அழுத்தத்தைப் பாருங்கள். தொழில் தரப்படி 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, பிளஸ் பி என்ற கூடுதல் அழுத்த வகை என்றால் 38,500. .380க்கு 21,500தான். அவ்வளவு சக்திக்குள் ஒன்று விரியலாம், அல்லது ஆழமாகப் போகலாம். இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற தோட்டா அரிது. கோடைச் சட்டையில் விரிந்து 9, 10 அங்குலத்தில் நிற்கும், குளிர்கால உடையில் அடைத்துக்கொண்டு நேராகப் போய்விடும். அதனால் .380இல் எஃப்எம்ஜே வைப்பவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், ஆழமாவது உறுதி. ஆனால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கவலை இரண்டு மடங்காகும். என்னைக் கேட்டால் தோட்டாவை மாற்றுவதைவிடத் துப்பாக்கியை மாற்றுங்கள் என்பேன். ஜாக்கெட்டுக்குள் ஒரு அளவு பெரிய 9 மி.மீ. பிஸ்டலை மறைப்பது சுலபம். குளிர்காலம் நமக்குச் செய்கிற ஒரே உபகாரம் அதுதான்.

டிசம்பர் 9, பிறகு

பாக்கெட் ரிவால்வர் பற்றியும் கேட்டிருந்தார்கள். .38 ஸ்பெஷல், குட்டைக் குழல். இதற்கு எனக்குப் பிடித்த விடை பழைய விடை: 148 கிரெய்ன் வாட்கட்டர். மூக்கே இல்லாத தட்டையான ஈயக் குண்டு, காகிதத்தில் சுட்டால் ஆணி அடித்த மாதிரி இல்லாமல் தாள் துளைக்கும் கருவியில் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும். அது விரிவதை நம்பியே இல்லை, அதனால் ஜாக்கெட் அதை ஏமாற்ற முடியாது. உதைப்பும் குறைவு. விரைத்த கையோடு சுடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். குறை ஒன்று உண்டு, தட்டை முகம் சிலிண்டர் ஓட்டையில் சட்டென்று இறங்காது, மறுபடி நிரப்பத் தாமதமாகும். முதல் ஐந்துக்கு வாட்கட்டர், கையிருப்புக்கு கூர்மூக்குத் தோட்டா என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

குட்டைக் குழலுக்கென்றே செய்ததும் கிடைக்கிறது. ஸ்பியர் கோல்ட் டாட்டின் 135 கிரெய்ன் பிளஸ் பி. நல்ல தோட்டா, ஆனால் எடை குறைந்த ரிவால்வரில் கை வலிக்கும். துப்பாக்கி பிளஸ் பி தாங்குமா என்று கையேட்டில் பார்க்காமல் போடாதீர்கள்.

டிசம்பர் 22

"கொரியப் போரில் அமெரிக்கர்களின் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளின் குண்டு சீனர்களின் பஞ்சுக் கோட்டைத் துளைக்கவில்லையே, அப்போது துணி குண்டை நிறுத்தும்தானே?" என்று ஒருவர். அந்தப் புகார் உண்மையாகவே இருந்தது. 1950 நவம்பர், டிசம்பரில் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் போரிட்டவர்கள் எம்1 கார்பைனைப் பற்றி அப்படிச் சொன்னார்கள். ஆனால் அந்த .30 குண்டின் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 1,900 அடி. உறைந்த பஞ்சு அதை நிறுத்தாது. விரைத்த விரலோடு, இருட்டில், பதற்றத்தில் சுட்டது படாமல் போயிருக்கும். பட்டும் உடனே விழாதவர்கள் இருந்திருப்பார்கள். மசகு உறைந்து கார்பைன் சரியாக இயங்காமலும் போனது. ஆனால் மனிதர்கள் எதிரே நிற்பவனின் கோட்டைத்தான் காரணமாகப் பார்த்தார்கள்.

ஜனவரி 19, 2025

இன்று ரேஞ்சில் என் பிஸ்டல் இரண்டு முறை சிக்கியது. வெளியே மைனஸ் 20க்குக் கீழே. சுடும்போது பின்னால் போய் முன்னால் வரும் மேல் பகுதியான ஸ்லைடு முழுதாக முன்னால் வந்து மூடவில்லை. 147 கிரெய்ன் தோட்டா குளிரில் பலவீனமாகிறது என்று நினைக்கிறேன். 124 கிரெய்னுக்கு மாறலாமா என்று யோசனை.

ஜனவரி 21

முந்தைய குறிப்பை நம்பி யாரும் தோட்டா வாங்கிவிடாதீர்கள். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

நேற்று ஒரே பெட்டியிலிருந்து பத்துத் தோட்டா ராத்திரி முழுக்கக் கார் பெட்டியில், பத்து வீட்டுச் சூட்டில். இன்று வேகமானியில் இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். குளிர்ந்தவை மெதுவாகத்தான் போயின, ஆனால் அந்தக் குறைவு ஒரே பெட்டிக்குள் குண்டுக்குக் குண்டு வரும் வித்தியாசத்தைவிடக் கொஞ்சமே அதிகம். வெடிமருந்து குளிரில் சற்று நிதானமாக எரியும், அவ்வளவுதான். அதிலும் இடுப்பில் உடையின் உள்ளே இருக்கும் துப்பாக்கி உடல் சூட்டிலேயே கிடக்கிறது. அதற்கு வெளியே எத்தனை டிகிரி என்பதே தெரியாது.

குற்றவாளி மசகுதான். இலையுதிர் காலத்தில் ஸ்லைடு தடத்தில் தடவிய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மெல்லிய செயற்கை எண்ணெய் இரண்டு மூன்று பொட்டு வைத்தேன். அதே வகைத் தோட்டா, அதே பிஸ்டல், ஐம்பது சுட்டேன், ஐம்பதும் ஒழுங்காக ஓடின. துடைக்கும்போது கரைப்பானையோ எண்ணெயையோ தோட்டா மேல் படவிடாதீர்கள். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் கசிந்தால் அந்தத் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

ஜனவரி 25

கார் பெட்டியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னொரு கதை இருக்கிறது, தோட்டாவுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள கதை.

என் கடைக்குள் துப்பாக்கி கொண்டுபோக முதலாளி அனுமதிப்பதில்லை. மின்னசோட்டாச் சட்டப்படி அது அவர்கள் உரிமை. ஆனால் பர்மிட் உள்ளவர் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்திருப்பதை அவர்கள் தடுக்க முடியாது. அதனால் இருக்கைக்கு அடியில் கம்பிவடம் கட்டிய பூட்டுப் பெட்டி. முதல் மாதம் தினமும் உள்ளே வைக்குமுன் தோட்டாவை வெளியே எடுப்பேன், இரவு மறுபடி ஏற்றுவேன். ஒருநாள் மேல் தோட்டாவையும் பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பழையது குட்டை. கண்ணுக்கே தெரிந்தது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மூக்கு, குழலுக்குள் வழிவிடும் சரிவில் மோதி, குண்டு சிறிது சிறிதாக உறைக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் வேகமாக ஏறும், துப்பாக்கி உடையும் அளவுக்கும் போகலாம். அந்தத் தோட்டாவைச் சுடவே இல்லை, ரேஞ்சில் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

இப்போது தோட்டாவை எடுப்பதே இல்லை. விசையை மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் உறையோடு சேர்த்து அப்படியே கழற்றி, அப்படியே பெட்டியில் வைக்கிறேன். கை விசைப் பக்கம் போகும் வாய்ப்பே இல்லை.

ஜனவரி 25, தொடர்ச்சி

வீட்டுக்குள் வரும்போது கண்ணாடி மங்குவது போலத் துப்பாக்கியும் வியர்க்கும். குளிர்ந்த உலோகத்தில் வீட்டு ஈரம் முத்து முத்தாக இறங்கும். முதல் குளிர்காலத்தில் இது தெரியாமல், தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் உதட்டில் துரு பிடிக்க விட்டேன். இப்போது மூடிய பெட்டியிலேயே வீட்டுக்குள் கொண்டுவந்து, பூட்டைத் திறக்காமல், அது அறைச் சூட்டுக்கு வரும் வரை விட்டுவிடுகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் அந்தப் பூட்டு எப்படியும் திறக்காது. ஒரு குளிர்காலம் கேரி செய்த தோட்டாவை வசந்தத்தில் ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டு, புதுப்பெட்டி உடைப்பேன்.

பிப்ரவரி 2

நியூ ஜெர்சியிலிருந்து இருவர். அங்கே கதையே வேறு. ஹாலோ பாயிண்டை வீட்டில் வைத்திருக்கலாம், ரேஞ்சுக்கு எடுத்துப் போகலாம், சாதாரணக் குடிமகன் அதை இடுப்பில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடாது. துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் உரிமை பற்றிய 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பர்மிட் கிடைப்பது சுலபமானது, தோட்டா விதி அப்படியே நின்றது. வழி இருக்கிறது: குழியைப் பாலிமரால் அடைத்த தோட்டாவை மாநிலப் போலீஸ் ஹாலோ பாயிண்டாகக் கணக்கிடுவதில்லை. ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ், கிரிட்டிக்கல் டியூட்டி அந்த வகை. குளிர்காலத்துக்கு இது நல்லதாகவே அமைந்துவிட்டது. மூக்கில் முன்பே ரப்பர் போன்ற அடைப்பு இருப்பதால் துணி புக இடமில்லை, அந்த அடைப்பே பின்னால் அழுத்தி இதழைப் பிரிக்கிறது. வாங்குமுன் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அங்கே வழக்குகள் ஓய்வதில்லை.

இந்தத் தடைகளுக்குப் பின்னால் நம் பக்கத்துப் பெயர் ஒன்று இருக்கிறது. விரியும் குண்டுக்கு டம்டம் என்று பெயர் வந்தது கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து. 1899 ஹேக் பிரகடனம் அதைப் போரில் தடை செய்தது. அது நாடுகளுக்கு இடையிலான போருக்கு, குடிமக்கள் தற்காப்புக்கு இல்லை.

பிப்ரவரி 2, ஒரு வரி

எச்1பி விசாவில் இருப்பவர்கள் கவனம்: வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்கு இல்லாமல் உங்களுக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம். மின்னசோட்டா கேரி பர்மிட் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான்.

பிப்ரவரி 16

தோட்டாவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தவறு. குளிர்காலத்தில் பெரிய ஆபத்து குழியில் அடைக்கும் துணி இல்லை, விசை வளையத்தில் நுழையும் துணி.

ஜாக்கெட்டின் அடியில் இறுக்கும் நாடா தொங்குமே, நுனியில் பிளாஸ்டிக் முடிச்சோடு. துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் திரும்ப வைக்கும்போது அது விசைக்குள் மாட்டினால் ஹோல்ஸ்டரே விசையை அழுத்திவிடும். குண்டு தொடைக்குப் போகும். எங்கள் பயிற்சியாளர் முதல் வகுப்பிலேயே கத்தரிக்கோலோடு வந்தார். என் ஜாக்கெட் எதிலும் இப்போது நாடா இல்லை.

கையுறை அடுத்தது. தடித்த கையுறை விரல் விசை வளையத்தில் நுழைவதே இறுக்கம், ரிவால்வரில் விசை திரும்பி முன்னால் வருவதையும் தடுக்கும். மெல்லிய தோல் கையுறையில் பழகினேன். காலித் துப்பாக்கியோடு, தோட்டா வேறு அறையில், ஜிப்பைத் திறந்து, ஓரத்தை இடது கையால் மேலே இழுத்து, வலது கை எடுப்பது. ஜனவரி முழுக்க தினம் இருபது முறை. ஜிப்தான் எப்போதும் தாமதம். இப்போது கடையை விட்டு வெளியே வருமுன் மேல் ஜிப்பைப் பாதி இறக்கிவிடுகிறேன், குளிர்ந்தாலும் பரவாயில்லை.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். கோல்ட் டாட் 124 கிரெய்ன் வாங்கி, கையுறையோடு நூறு சுட்டிருக்கிறார். மூன்று முறை தோட்டா மூக்கு சரிவில் முட்டி நின்றிருக்கிறது. "எஃப்எம்ஜே என்றால் உருண்டை மூக்கு, முட்டாதே, அதற்கே போகட்டுமா?" என்கிறார்.

சிக்கிய மூன்றும் எந்த மேகசினில் என்று கேட்டேன். நீள அடித்தட்டு வைத்த இரண்டாவது மேகசினில்தானாம், மூன்றுமே. முதல் மேகசினில் ஐம்பதும் சுத்தமாக ஓடியிருக்கின்றன. அந்த இரண்டாவதின் அடியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். இன்னொரு மேகசின் வாங்கி, அதில் இதே தோட்டா ஐம்பது சுட்டுப் பார்த்துவிட்டு இடுப்பில் வையுங்கள். தோட்டாவை மாற்ற வேண்டாம்.